கொம்பனிக் கராஜும் ஒட்டுசுட்டான் கராஜும்

வெளிநாடுகளில் வாழும் நண்பர்களோடு தொலைபேசியில் பேசும்போது அரசியலுக்கு அடுத்தபடியாக அதிகம் அடிபடுவது கார் திருத்தும் செலவுதான். ரொறன்ரோ நண்பர் ஒருவர் பிறேக் மாற்றிய கணக்கைச் சொல்லி மூச்சு வாங்குகிறார். லண்டன் நண்பருக்கு ஒரு சிவப்பு விளக்கு எரிந்ததற்கான காரணத்தைக் கண்டுபிடிக்கவே தனிக் கட்டணம். கொழும்பில் இருப்பவர் 'எஸ்ரிமேற்' தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார், மனைவிக்குக் காட்டத் துணிவில்லை.

எல்லோரும் கடைசியில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். உத்தியோகபூர்வ முகவரின் பணிமனைக்குக் கொண்டுபோவதா, தெருமுனை மெக்கானிக்கிடம் விடுவதா, அல்லது நாமே ஸ்பானரைக் கையில் எடுப்பதா?

இந்தக் கேள்விக்கு வன்னியில் இருந்துகொண்டு பதில் சொல்வதில் ஒரு பொருத்தம் உண்டு. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முகவரும் இல்லாமல், உதிரிப்பாகமும் இல்லாமல், பெரும்பாலும் பெற்றோலும் இல்லாமல் வாகனங்களை ஓட்டிக் காட்டிய பூமி இது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதோடு வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. எரிபொருளுக்குத் தடை, பற்றரிக்குத் தடை, இரும்புக்குத் தடை. அந்த நாள்களில் வீதியில் ஓடியவை ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேய வாகனங்கள். அவை மண்ணெண்ணெயில் ஓடின. இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். அதிலே மந்திரம் எதுவும் இல்லை. அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு, ஏழுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். அதனால் தரங்குறைந்த எரிபொருளையும் அவை சகித்துக்கொள்ளும். ஆனால் மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. எனவே ஒரு சிறு போத்தலில் பெற்றோல் வைத்து, சேலைன் குழாய் வழியாகக் கார்புரேற்றருக்குச் சில துளிகள் விட்டு எஞ்சினை இயக்க வேண்டும். அது சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வண்டியை நிறுத்துவதானால் நிறுத்துவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். மீண்டும் இயக்கப் பெற்றோல் துளி வேண்டுமே!

இதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே கீழிறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்கில் கரி படியும். பின்னால் வருபவருக்குப் புகை. சாரதிமார் பிளக் கழற்றும் குழாயையும் ஒரு துண்டு அரத்தாளையும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தார்கள். பத்திரிகை வேலையாக மாங்குளம் வீதியிலும் நெடுங்கேணி வீதியிலும் பயணம் செய்த நாள்களில், நடுக்காட்டில் நின்றுவிட்ட வாடகைக் காரின் பிளக்கைச் சாரதி துடைக்க, பயணிகள் இறங்கிப் பாலை மர நிழலில் காத்திருந்த காட்சியைப் பல தடவை கண்டிருக்கிறேன். எவரும் சலித்துக்கொண்டதில்லை. என்ன பழுது, எவ்வளவு நேரமாகும், பிறகு ஓடுமா என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்றைய கார்ச் சொந்தக்காரர் இழந்துவிட்டது அந்தத் தெரிதலைத்தான் என்பது என் எண்ணம்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளும் கடைசல்காரரும் ஒட்டுவேலைக்காரரும் தங்கள் ஆயுதங்களோடு வெளிக்கிட்டார்கள். அடுத்த ஆண்டு அவர்களிற் பலர் வன்னிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒட்டுசுட்டான் சந்தியிலும் புதுக்குடியிருப்பிலும் மல்லாவியிலும் கிடுகுக் கொட்டில்கள் கராஜ்களாயின. புதிய 'காஸ்கட்' கிடைக்காதபோது தடித்த மட்டையை வெட்டிப் போட்டார்கள். தேய்ந்த 'புஷ்' ஒன்றுக்குப் பதிலாக வேறொரு வாகனத்தின் இரும்பைக் கடைந்து போட்டார்கள். 1998 இறுதியில் இராணுவம் ஒட்டுசுட்டானுக்கு வந்தபோது அந்தக் கொட்டில்கள் இடம்பெயர்ந்தன. 1999 நவம்பருக்குப் பிறகு மீண்டும் வந்தன. 2008 இன் இறுதியில் கடைசித் தடவையாகக் கிளம்பின. அந்தப் பயணம் முடிந்த இடம் எல்லோருக்கும் தெரியும். முள்ளிவாய்க்கால் பக்கத்துக் கரையோரங்களில் உழவு இயந்திரங்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் லொறிகளும் துருப்பிடித்து மலைமலையாகக் குவிந்து கிடந்ததைப் போர் முடிந்து பல மாதங்களுக்குப் பின்னரும் பார்க்க முடிந்தது. அந்த இரும்புக் குவியலுக்குள் எத்தனை பேரின் கைவேலை கிடந்தது என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

மீள்குடியேற்றத்தோடு நிலைமை தலைகீழாயிற்று. ஏ9 வீதி திறந்தது. அதன் வழியே முதலில் வந்தவை வங்கிகளும் லீசிங் கொம்பனிகளுந்தான். தகரக் கொட்டிலுக்கு முன்னால் புத்தம் புதிய மோட்டார்ச் சைக்கிள் நின்றது. பிறகு முச்சக்கர வண்டி, உழவு இயந்திரம், நெல் வெட்டும் மெசின். அதன்பின் ஜப்பானில் ஓடிக் களைத்த ஹைபிரிட் கார்கள். வாகனம் வீட்டுக்கு வந்தது, அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்ற அறிவு வரவில்லை. 'நீங்கள் கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும்' என்ற ஒரு வசனம் மட்டும் வந்தது.

என்னிடமும் அப்படியொரு சிறிய ஹைபிரிட் கார் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு அதன் முகப்பில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வழமையாக 'சேர்விஸ்' செய்யும் கொம்பனிப் பணிமனைக்குக் கொண்டுபோனேன். ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். குளிரூட்டிய அறை, நல்ல கோப்பி, கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர். கணினியைப் பொருத்தி இரண்டு நிமிடத்தில் முடிவு சொன்னார்.

"சேர், ஹைபிரிட் பற்றரி முடிஞ்சுது. முழுசா மாத்த வேணும்."

எஸ்ரிமேற் தாளில் 465,000 ரூபா என்றிருந்தது. பற்றரியைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். "திறக்கிறதில்லை சேர், கொம்பனி முறை அப்பிடி" என்றார். அவரில் பிழையில்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

இங்கே ஒரு சுவையான விடயம் உண்டு. கார்க் கணினிகள் பழுதுகளைக் குறியீடுகளாகச் சொல்லும். இத்தகைய பழுதுக்கான குறியீடு பி0ஏ80. அனைத்துலக வழக்கில் அந்தக் குறியீட்டுக்கு வைத்திருக்கும் பெயரே 'ஹைபிரிட் பற்றரித் தொகுதியை மாற்றவும்' என்பதுதான். கணினி உண்மையில் அளப்பது பற்றரியின் பகுதிகளுக்கிடையே மின்னழுத்தம் வேறுபடுகிறதா என்பதை மட்டுமே. ஒரு பகுதி பலவீனப்பட்டாலும் விளக்கு எரியும். காய்ச்சல் என்று போனவரிடம் நோயின் பெயரே 'சத்திரசிகிச்சை' என்று சொல்வதைப் போன்றது இது. நோயைக் கண்டுபிடிப்பவரும் மருந்து விற்பவரும் ஒருவராகவே இருந்தால் மருந்து பெரிதாகத்தான் இருக்கும்.

ஒட்டுசுட்டானுக்குத் திரும்பி, சந்திக்கு அப்பால் கராஜ் வைத்திருக்கும் தம்பி ஒருவரிடம் காட்டினேன். முப்பது வயதிருக்கும். தகப்பன் மண்ணெண்ணெய்க் கார் காலத்து மெக்கானிக். மகனிடம் ஒரு சீன ஸ்கானரும் கைத்தொலைபேசியும் இருந்தன. கொம்பனியில் காட்டிய அதே குறியீட்டை அவர் தொலைபேசியிலும் காட்டினார். அதோடு நிற்காமல் வாகனத்தை ஓடவிட்டுப் பற்றரியின் ஒவ்வொரு பகுதியினது மின்னழுத்தமும் ஏறி இறங்குவதைக் காட்டினார். எல்லாம் ஒன்றாக ஏற, ஒன்று மட்டும் பின்தங்கியது.

"ஐயா, இதை முழுக்க மாத்தத் தேவையில்லை. இருபது துண்டிலை ரெண்டு துண்டுதான் படுத்திட்டுது. பதினெட்டு நல்லாயிருக்கு."

ஆசனத்தைக் கழற்றினார். உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் செருகியை இறப்பர்க் கையுறை போட்டு இழுத்தெடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார், வேறு யாரும் தவறிப் பொருத்திவிடக் கூடாதாம். பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருந்தார். மின்தேக்கிகளில் நிற்கும் மின்சாரம் வடிய வேண்டும் என்றார். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. அவசரப்படாத மெக்கானிக் அருமையானவர்.

பிறகு பற்றரியைக் குளிர்விக்கும் மின்விசிறியைக் கழற்றிக் காட்டினார். நமது கிரவல் வீதிகளின் செம்புழுதி அதன் இதழ்களில் களிமண்ணாகப் படிந்திருந்தது. காற்றுப் போகாத பற்றரி சூடேறி, நடுவில் இருந்த துண்டுகள் முதலில் கெட்டிருக்கின்றன. ஒவ்வொரு 'சேர்விஸ்' கணக்கிலும் 'முழுப் பரிசோதனை' என்று ஒரு வரியும் அதற்கொரு தொகையும் கொம்பனி எழுதியிருந்தது. இந்த விசிறியை ஒருவரும் ஒருநாளும் திறந்ததாகத் தெரியவில்லை. புதிய பற்றரியே போட்டிருந்தாலும் அதே புழுதி அடைத்த விசிறியின் கீழ் அது எத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கும்?

துண்டு ஒன்று 18,000 வீதம் இரண்டுக்கு 36,000. கூலி 9,000. மொத்தம் 45,000 ரூபா. கொம்பனி சொன்னதில் பத்திலொரு பங்குகூட இல்லை. கழற்றிய இரண்டு பழைய துண்டுகளையும் கடதாசியில் சுற்றி என்னிடம் தந்துவிட்டு அவர் சொன்னது இது:

"ஐயா, நான் போட்டது கழற்றின பற்றரியிலை இருந்து எடுத்த நல்ல துண்டு. புதுசு இல்லை. மிச்சப் பதினெட்டும் பழசுதான். இன்னும் ரெண்டு வருஷத்திலை வேறை ஒண்டு போகலாம். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்."

கொம்பனிக் கடிதத்தாளில் இல்லாத வசனம் இது. இந்த உண்மையையும் வாசகர்கள் சேர்த்தே எடைபோட வேண்டும். மெக்கானிக் செய்தது மலிவான வேலை மட்டுமல்ல, வேறு வகையான வேலையும்கூட. முழுப் பற்றரி மாற்றினால் உத்தரவாதத்தோடு பல ஆண்டுகள் நிம்மதி. துண்டு மாற்றினால் செலவு குறைவு, நிச்சயமும் குறைவு. காரை இன்னும் பத்து ஆண்டு வைத்திருக்க நினைக்கும் வசதியானவருக்கு முதலாவது பொருந்தலாம். என்னைப் போன்றவருக்கு இரண்டாவது போதும். என் முறைப்பாடு விலையைப் பற்றியது மட்டுமல்ல. இரண்டு வழிகள் இருப்பதையே ஒரு பக்கம் மறைத்தது என்பதுதான்.

இந்த மறைப்பு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் செய்த முறைப்பாட்டிலிருந்து வளர்ந்த வழக்கில், அந்நாட்டின் போட்டி ஆணையம் 2014 ஓகஸ்ற்றில் 14 கார் உற்பத்தி நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாவுக்கும் மேல் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிக் கராஜ்களுக்குக் கிடைக்காமல் செய்து, வாடிக்கையாளரைத் தங்கள் முகவரிடமே கட்டிப்போட்டார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். நிறுவனங்கள் மேன்முறையீட்டுக்குப் போயின. ஆனால் வெளிக் கராஜுக்குப் போனவரைத் தண்டிக்கும் பழக்கம் சட்டத்தின் முன் கேள்விக்குள்ளானது அப்போதுதான்.

அமெரிக்காவில் 1975 இலிருந்தே ஒரு சட்டம் உண்டு. வெளிக் கராஜில் திருத்தினீர்கள் என்ற காரணத்துக்காக மட்டும் உத்தரவாதத்தை மறுக்க முடியாது. மசாசூசெற்ஸ் மாநில மக்கள் 2012 இல் வாக்களித்து, கார்க் கொம்பனிகள் தம் முகவருக்குக் கொடுக்கும் பழுதறியும் தகவலை வெளிக் கராஜ்களுக்கும் விற்கவேண்டும் என்றார்கள். கனடாவில் 2024 நவம்பரில் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, திருத்தவேலைக்காக மென்பொருட் பூட்டைத் திறப்பது அனுமதிக்கப்பட்டது. உழவு இயந்திரங்களுக்குப் பெயர்போன ஜோன் டியர் நிறுவனத்தின்மீது, விவசாயிகள் தாங்களாகத் திருத்துவதைத் தடுக்கிறது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2025 யனவரியில் வழக்குத் தொடுத்தது. அயோவா விவசாயியின் வயலுக்கும் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள வயலுக்கும் தூரம் அதிகந்தான். ஆயினும் அறுவடை நேரத்தில் மெசின் நின்றுபோனால் இருவருக்கும் வருவது ஒரே வயிற்றெரிச்சல்.

மாசி, பங்குனியில் காலபோக அறுவடை நடக்கும்போது இங்கே வந்து பாருங்கள். நெல் வெட்டும் மெசின் ஒன்று நடுவயலில் நின்றுவிடுகிறது. மழை முகில் கட்டுகிறது. கொம்பனி ஆள் வர மூன்று நாள். அதுவரை ஊர் மெக்கானிக் கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்று சொந்தக்காரர் தயங்குகிறார். லீசிங் தவணை நாள் மட்டும் தயங்குவதில்லை. விளைந்த நெல் சரிந்து முளைவிட்டால் நட்டம் மெசின்காரருக்கல்ல, வெட்டக் காத்திருக்கும் விவசாயிக்கு.

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இடையில் 2022 இல் ரூபா வீழ்ந்தது. எரிபொருள் வரிசைகள் நீண்டன. அந்த ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. புதிய வாகனம் இல்லை, உதிரிப்பாகம் இருந்தாலும் தொட முடியாத விலை. அந்த ஐந்து ஆண்டுகளும் நாட்டின் வாகனங்களை ஓடவைத்தவர்கள் பெரும்பாலும் தெருவோரக் கராஜ்காரர்களே. நாடு முழுவதும் அப்போது கொஞ்சம் வன்னியாக மாறியிருந்தது.

இனி, நாமே செய்வது பற்றி. ஸ்பானரைக் கண்டவுடன் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லவில்லை. எயார் பில்ரரைத் தட்டித் துடைப்பது, பற்றரி விசிறியின் வலையைச் சுத்தம் செய்வது, ஒயிலின் அளவையும் நிறத்தையும் பார்ப்பது, றேடியேற்றர் நீரைக் கவனிப்பது, வைப்பர் இறப்பரையும் சிறு மின்குமிழையும் மாற்றுவது ஆகியவற்றுக்கு எந்த முகவரும் தேவையில்லை. வேண்டியது ஒரு ஞாயிறு காலை. இன்று பெரும்பாலான வாகனங்களுக்குத் திருத்தும் முறை காணொளியாகவே கிடைக்கிறது. இதில் காசு மிச்சமாவது சிறிய இலாபம். வாகனத்தை அறிந்தவராக நீங்கள் மெக்கானிக்கின் முன் நிற்பதுதான் பெரிய இலாபம். உங்களிடம் பொய் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

ஆனால் செம்மஞ்சள் உறை போட்ட தடித்த மின்வடங்களைத் தொடாதீர்கள். அது உயிரெடுக்கும் மின்சாரம். காற்றுப்பையையும் தொடாதீர்கள். பிறேக் வேலையைக் கற்றுக்கொள்ளாமல் தொடாதீர்கள். உற்பத்தியாளர் திரும்பப் பெறும் பாகங்களையும் உத்தரவாதக் காலத்துப் பெரும் பழுதுகளையும் கொம்பனிக்கே கொண்டுபோங்கள். அங்கே அவர்களுக்குக் கடமை இருக்கிறது, உங்களுக்குச் செலவு இல்லை.

யாரிடம் போனாலும் மூன்று விடயங்களைக் கேட்டு வாங்குங்கள். பழுது என்ன என்பதை அளந்து காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் தரச் சொல்லுங்கள். பாகத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பிரித்தெழுதிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் முகம் சுளிப்பவர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தாலென்ன, ஒயில் படிந்த சாரம் உடுத்திருந்தாலென்ன, அவரை விட்டு விலகுங்கள். ஏமாற்றும் தெருவோரக் கராஜ்களும் உண்டு என்பது எவருக்கும் தெரியாததல்ல. நல்ல பாகத்தைக் கழற்றிக் கெட்டதைப் பூட்டிவிடும் கைகாரர்களை இந்த மண்ணும் கண்டிருக்கிறது.

ஒட்டுசுட்டான் தம்பி இப்போது வெளிநாடு போக ஆயத்தம் செய்கிறார். கட்டார் நாட்டுக் கராஜ் ஒன்றில் வேலை, மாதச் சம்பளம், தங்குமிடம். ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். வேலை இல்லாமல் அல்ல என்றார். இங்கே லீசிங் முடியாத வாகனங்களில் கைவைக்கச் சொந்தக்காரர் பயப்படுகிறார்கள். புது வாகனங்களின் பூட்டிய மென்பொருளைத் திறக்க அவரிடம் கருவியில்லை. பத்திரம் எங்கே என்று கேட்கிறார்கள், தகப்பனிடம் கற்றதற்குப் பத்திரம் இல்லை. பட்டறிவைச் சோதித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இந்த நாட்டில் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இலிருந்து இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறது. இந்த இரண்டையும் ஒட்டுசுட்டான் கொட்டிலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர்தான் இல்லை. புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் கோயிலுக்கு வளைவு கட்டும் காசில் ஒரு சிறு பங்கு போதும். ஒரு நல்ல ஸ்கானரும் பத்து இளைஞருக்குச் சான்றிதழ்ச் செலவும் கொடுத்துவிடலாம்.

அவருடைய பயண நாள் இன்னும் குறிக்கப்படவில்லை. காரின் இரண்டாவது பின்சில்லில் ஒரு சத்தம் கேட்கிறது, நாளை காலை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.